இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு கடற்கரை

பென்டில் ஹில், சிட்னி
11.02.2024

அன்புத் தங்கச்சி குணவதிக்கு,

இந்த வரி வரைக்கும் கிழிக்காமல் வாசித்திருந்தால் உனக்கு முதலில் நன்றி. நானும் விமலாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் பிள்ளை தாரகாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். தொலைபேசியில் என் இலக்கத்தை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். முத்திரை ஒட்டிய கடிதத்தைத் தடுக்க இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை. நான் முத்திரை வாங்கப் போனதைப் பார்த்துப் பேத்தி சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் முதியோர் சங்கத்தார் பஸ் பிடித்து ஈடனுக்கு ஒரு சுற்றுலா போனார்கள், நானும் போனேன். ஈடனுக்குக் கிட்ட, கடற்கரையில், பினக்கிள்ஸ் என்று ஓர் இடம். காட்டுக்குள்ளால் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். மரங்கள் விலகியதும் முன்னால் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு பாறைச் சுவர். வகுப்பில் எழுதும் வெண்கட்டியைச் சீவி நிறுத்தி வைத்தது போல இருக்கிறது. அதன் தலையில் செங்களிமண். வெள்ளை மாப் புட்டுக்கு மேல் சிவப்பரிசி மாப் புட்டை அவித்து வைத்தால் எப்படி, அப்படி. ஒரு நிறம் மற்றதோடு கலக்கவில்லை. மழை அரித்த இடங்களில் மஞ்சள், காவி, இளஞ்சிவப்பு என்று மணல் ஒழுகிக் கிடக்கிறது. தூரத்தில் பார்த்தால் கல், கையை வைத்தால் பொலபொலவென்று உதிர்கிறது.

நில அளவையாளனாக முப்பது வருடம் இருந்தவன் சும்மா இருப்பானா? வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்து அளந்தேன். அந்த இடம் என் வாசலுக்கும் உன் வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. என் வாசல் மிதிக்க மாட்டேன் என்றாய், உன் வாசலை நானும் மிதிக்கக் கூடாது என்றாய். அந்த மணலுக்கு வாசல் கிடையாது. அங்கே வருவாயா?

இப்போது காரை விமலாதான் ஓட்டுகிறாள். என்னை ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கண் பார்வை என்று வைத்துக்கொள்.

குளிர் தொடங்க முதல் வந்தால் நல்லது. ஏசியாவது ஒரு பதில் போடு.

உன் அண்ணா,
பரமேஸ்வரன்


கிரெய்கிபர்ன், மெல்பேர்ண்
20.03.2024

அண்ணாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. நானும் தாரகாவும் இருக்கிறோம். உங்களுக்கும் மச்சாளுக்கும் கடவுள் நல்ல சுகத்தைத் தரட்டும்.

உங்கள் கடிதம் வந்து ஐந்து கிழமை. இந்த மாதம் இவருடைய திவசம், பத்தாவது. உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு மணிக்கு மணி நினைவிருக்கிறது. திங்கட்கிழமை விடியக் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நின்ற மனிதர் அப்படியே சரிந்தார். நான் முதலில் எடுத்தது அம்புலன்சுக்கு, இரண்டாவது உங்களுக்கு. "நான் வாறன் குணம்" என்றீர்கள். வெள்ளிக்கிழமை எரித்தோம், நீங்கள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிட்னியில் உங்கள் மகள் பிரவீணாவுக்கு நாதஸ்வரத்தோடு கலியாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளையின் சாதகத்தைத் தேடிக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்தவர் இவர். முப்பத்தோராம் நாள் நீங்களும் மச்சாளும் சாப்பாட்டுச் சட்டியோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். அன்றைக்கு நான் சொன்னது வெறும் கோபத்தில் சொன்னதல்ல, இவருடைய படத்தைத் தொட்டுச் சொன்னது.

மச்சான் முறைக்குத் துடக்கோ தீட்டோ இல்லை அண்ணா. வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, போய்த் தோய்ந்துவிட்டு, மகளின் கலியாணத்தை வடிவாகச் செய்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாத முறையா?

புட்டு மாதிரி மலை இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரேயொரு வசனம். "நான் வந்திருக்க வேண்டும், வராதது என் பிழை." அதை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நீங்கள் சொல்கிற இடத்துக்கு வருகிறேன்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குணவதி


பென்டில் ஹில்
07.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் ஏச்சு வந்து சேர்ந்தது. விமலாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் பொய். மற்றபடி இருவரும் சுகம். உன் பழைய முழங்கால் நோ எப்படி? படி ஏறி இறங்குகிற வீட்டிலா இருக்கிறாய்?

நடந்ததைச் சொல்கிறேன், இதை நியாயமாக எடுக்காதே. மச்சான் போனதற்கு முதல் நாள், ஞாயிறு, எங்கள் வீட்டில் பொன்னுருக்கு. ஆசாரி வந்து தாலிக்குப் பொன்னை உருக்கி, பந்தலுக்குக் கன்னிக்காலும் நட்டாயிற்று. திங்கள் விடிய உன் அழைப்பு. நான் பெட்டியை எடுத்து உடுப்பை அடுக்கிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். பொன்னுருக்கிய வீட்டிலிருந்து செத்தவீட்டுக்குப் போனால் அந்தத் தாலி தங்காது என்றார்கள். துடக்கு இருக்கிறது, இல்லை என்பதல்ல அவர்கள் கதை, கால் வைக்கவே கூடாது என்றார்கள். பிரவீணா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மகளின் தாலிக்குப் பயந்து, தங்கச்சியின் தாலி போன வீட்டுக்கு வராமல் விட்டவன் நான்.

நீ கேட்ட வசனம் என்னிடம் இருக்கிறது, பத்து வருடமாக இருக்கிறது. தபாலில் அனுப்பினால் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகிவிட்டு நீ வீட்டிலேயே இருந்துவிடுவாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் வா, உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். அது வாயால் சொல்ல வேண்டியது.

மே மாதம் வா. தள்ளிப் போடாதே, ஏன் என்று கேட்காதே.

உன் அண்ணா,
பரமேஸ்வரன்


கிரெய்கிபர்ன்
02.05.2024

அன்பு அண்ணாவுக்கு,

இந்த முறை "அன்பு" தானாக வந்து விழுந்துவிட்டது, நானும் வெட்டவில்லை. நாங்கள் சுகம். முழங்கால் தன் பாட்டில் நோகிறது. மச்சாள் சுகமா? உங்கள் கண்ணுக்கு என்னவாம், கற்றரக்ட் என்றால் இங்கே அரை நாள் வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

நடு, நடு என்று எழுதினீர்களே, தாரகா தன் போனில் பார்த்தாள். உங்களுக்கு ஐந்நூறு கிலோமீற்றருக்குக் குறைவு, எனக்கு அறுநூறுக்குக் கிட்ட. முப்பது வருடத்தில் எத்தனை பேருடைய வேலியை இப்படித் தள்ளிப் போட்டீர்களோ தெரியாது.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்தப் பெட்டியின் கதை எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முன்னம் இருந்த இடத்தில் இல்லை.

வருகிறேன். மே மாதம் மட்டும் ஏலாது. குளிருக்கு இந்தக் காலோடு அத்தனை தூரம் காரில் இருக்க முடியாது. தாரகாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒக்டோபரில்தான் லீவு. ஒக்டோபரில் அந்தப் பக்கம் திமிங்கிலங்களும் போகுமாம். வசனத்துக்காகப் பத்து வருடம் பொறுத்தவள் இன்னும் ஐந்து மாதம் பொறுக்க மாட்டேனா? நீங்களும் கொஞ்சம் காத்திருந்து பாருங்கள், அது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். ஒக்டோபருக்குள் நீங்கள் ஒன்றும் ஓடிப்போகப் போவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கச்சி குணம்


பென்டில் ஹில்
26.05.2024

அன்புத் தங்கச்சி குணத்துக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கும் முருகன் துணை.

ஒக்டோபர் தூரம் குணம். ஜூன் முதற் கிழமை ஏலாதா? விமலா உன் வீட்டுக்குக் கிட்ட வந்து உன்னை ஏற்றிக்கொள்ளலாம் என்கிறாள். வாசல் மிதிக்க மாட்டோம், தெருவில் நிற்போம். ஏலாதென்றால் சரி, உன் விருப்பம்.

அந்த இடத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். காட்டுக்குள்ளால் நடந்து போனால் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். வெள்ளை மாப் புட்டுக்கு மேல் சிவப்பரிசி மாப் புட்டை அவித்து வைத்தால் எப்படி, அப்படி. மஞ்சள், காவி, இளஞ்சிவப்பு எல்லாம் இருக்கிறது. கையை வைத்தால் உதிர்கிறது. நீ பார்த்தால் விடமாட்டாய்.

வரைபடத்தில் அளந்தேன், சரியாக நடுவில் இருக்கிறது.

அண்ணா


கிரெய்கிபர்ன்
16.06.2024

அன்பு அண்ணாவுக்கு,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே விறைக்கிறது, நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதிரையை விட்டு எழும்புவதில்லை.

புட்டுக் கதையைப் பெப்ரவரியிலேயே எழுதிவிட்டீர்கள் ஐயா. இப்போது அதே புட்டைத் திரும்பச் சூடாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். எழுபத்திரண்டு வயது ஆகிறதல்லவா, மன்னித்துவிட்டேன். எழுத்தும் வரியை விட்டு மலையேறுகிறது. கண்ணைக் காட்டுங்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

நாளைக் குறித்துவிட்டோம். ஒக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. தாரகா ஈடனில் ஓர் இரவு தங்க இடமும் எடுத்துவிட்டாள். நல்ல நாளா என்று பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. நாள் பார்த்து நாங்கள் கண்டது போதும்.

ஒன்று சொல்கிறேன், மச்சாளுக்குக்கூட வாசித்துக் காட்ட வேண்டாம். இப்போதெல்லாம் காலையில் எழும்பும்போது, நீங்கள் அந்த வசனத்தைச் சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று யோசிக்கிறேன். இவருடைய படத்துக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். எதைச் சொன்னாலும் அழுகையில் முடிகிறது. ஒக்டோபருக்குள் பழகிவிடும்.

உங்களுக்கு எள்ளுருண்டை செய்து கொண்டு வருகிறேன்.

தங்கச்சி குணம்


பென்டில் ஹில்
28.07.2024

அன்புத் தங்கச்சி குணத்துக்கும் மச்சான் மகாதேவனுக்கும்,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் இருவருடைய சுகத்தையும் அறிய ஆசை. மச்சான் பிரஷர்க் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா? அவர் மறப்பார், நீதான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கடற்கரைக்கு வரும்போது மச்சானையும் கட்டாயம் கூட்டி வா. நீ மட்டும் வந்தால் எனக்குக் கோபம் வரும். அவருக்கு அந்த மணலைக் காட்ட வேண்டும்.

விமலா கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இதைப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.

அண்ணா


கிரெய்கிபர்ன்
04.08.2024

திரு. பரமேஸ்வரன் அவர்களுக்கு,

என் புருஷன் செத்துப் பத்து வருடம். செத்தவருக்குப் பிரஷர்க் குளிசை கொடுத்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய இருதயம் நின்றதற்கு நான் கவனிக்காததுதான் காரணம் என்கிறீர்களா, அல்லது அவர் செத்தது உங்களுக்குக் கணக்கிலேயே இல்லையா? வேலைவெட்டி இல்லாமல் பழைய பழக்கத்தில் எழுதியிருந்தால் அது அதைவிடக் கேவலம்.

மகாதேவன் செத்துப்போனார். திங்கட்கிழமை செத்தார், வெள்ளிக்கிழமை எரித்தோம், நீங்கள் வரவில்லை. இதை நன்றாக வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் இல்லை. இனி எழுத வேண்டாம்.

குணவதி மகாதேவன்


பென்டில் ஹில்
22.09.2024

மச்சாள் குணவதிக்கு,

விமலா எழுதுகிறேன். நீரும் தாரகாவும் சுகமாக இருக்க வேண்டும். ஆறு கிழமையாக இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன், ஏனென்றால் எழுதுவதில்லை என்று உம்முடைய அண்ணாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். இப்போது அந்தச் சத்தியத்தைக் கேட்டதே அவருக்கு நினைவில்லை.

அவருக்குக் கண்ணில் ஒன்றுமில்லை. மறதி நோய் என்று இரண்டு வருடத்துக்கு முன்னம் கண்டுபிடித்தார்கள். போன வருடக் கடைசியில் டொக்டர், முக்கியமான ஆட்களிடம் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் இனித் தள்ளிப் போட வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்டது உம்முடைய முகவரியை. நோயைப் பற்றி உமக்குச் சொல்லக் கூடாது என்றார். "வருத்தக்காரன் எண்டு இரங்கி வரவேண்டாம் விமலா. தங்கச்சியா வரட்டும்" என்றார். முதல் இரண்டு கடிதத்தையும் நாலைந்து நாள் இருந்து, எழுதி எழுதித் திருத்தினார். மூன்றாவதை ஒரே மூச்சில் எழுதினார். ஜூலைக் கடிதம் எனக்குத் தெரியாமல் போனது. பிறகு அவர் சொன்னபோது, தனியாகப் போய்த் தபாற்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேனே தவிர, உள்ளே என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

உம்முடைய பதிலை அவர்தான் எடுத்தார். குசினிக்குள் வந்து, "விமலா, மகாதேவன் செத்துப்போனானாம்" என்றார். அன்று முழுக்க அழுதார். பெட்டியை எடுத்து உடுப்பை அடுக்கினார், மெல்பேர்ணுக்கு டிக்கெட் போடு என்றார். பின்னேரம் எல்லாம் மறந்துபோனது. அடுத்த நாள் காலை மேசையில் கிடந்த கடிதத்தைக் கண்டு திரும்ப வாசித்தார். அன்றுதான் கேள்விப்பட்டது போலத் திரும்ப அழுதார், திரும்பப் பெட்டியை எடுத்தார். இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் நான் கடிதத்தை ஒளித்துவிட்டேன். இப்போது அவருக்கு மகாதேவன் உயிரோடுதான் இருக்கிறார்.

நீர் கேட்ட வசனம் இனி அவர் வாயில் வரும் என்று நான் வாக்குத் தர முடியாது. நீர் வராவிட்டாலும் பன்னிரண்டாம் திகதி அவரை அங்கே கூட்டிப் போவேன். அந்த மணலை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
விமலா


கிரெய்கிபர்ன்
29.09.2024

அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் இத்தனையையும் தனியே சுமந்துகொண்டு சுகம் என்று எழுத விட்டிருக்கிறீர்கள். இனி உங்கள் சுகத்தை நான் உண்மையாகவே கேட்கிறேன்.

மே மாதம் வா என்று எழுதினார். ஜூன் மாதம் தெருவில் வந்து நிற்கிறோம் என்று எழுதினார். நான்தான் ஒக்டோபர் என்றேன். காத்திருந்து பாருங்கள் என்று வீம்புக்கு எழுதினேன். மே மாதம் அந்த வசனம் அவரிடம் இருந்தது மச்சாள். கையை நீட்டி வாங்க நான் போகவில்லை. இதை யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னுடைய அந்தக் கடைசிக் கடிதத்தை எரித்துவிடுங்கள். வருகிறேன். அவருக்கு எள்ளு கொடுக்கலாமா, பல்லுக்குக் கரைச்சலா என்று தாரகாவுக்கு ஒரு சொல்லு அனுப்புங்கள்.

குணவதி


பென்டில் ஹில்
20.10.2024

அன்பு மச்சாள் குணவதிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீரும் தாரகாவும் களைப்பு இல்லாமல் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எள்ளுருண்டைச் சட்டியை அவர் தன் அறைக்குள் வைத்திருக்கிறார், எனக்குத் தருவதில்லை.

என் இடுப்பு வருத்தத்தால் நான் மேலே பார்வை மேடையிலேயே இருந்துவிட்டேன். தாரகா உங்கள் இருவரையும் மணலில் இருத்திவிட்டு அங்காலே நடந்து போனது தெரிந்தது. பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு முதுகுகள்தான். நீங்கள் திரும்பி ஏறி வந்த பிறகு அவருக்கு முன்னால் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து அவர் கலியாணத்துக்கு வேட்டி எடுக்க வேண்டும் என்கிறார். எந்தக் கலியாணம் என்று கேட்டால் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை நான் கண்டு வருடக்கணக்கு. அங்கே என்ன கதைத்தீர்கள்? நீர் கேட்ட வசனத்தைச் சொன்னாரா? எழுத மனமில்லை என்றால் விடும்.

விமலா


கிரெய்கிபர்ன்
03.11.2024

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் இடுப்பு வருத்தம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணாவைத் தனியே வெளியே விடாதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். பதில் எழுத இரண்டு கிழமை எடுத்துவிட்டது. தாரகாவுக்குக்கூட இதை நான் சொல்லவில்லை.

என்னைக் கண்டதும் "குணம்" என்றார், ஒரு தயக்கமும் இல்லை. நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஒன்றும் கேட்பதில்லை என்று காரில் வழி முழுக்க நேர்ந்துகொண்டுதான் வந்தேன். வெயில் பட்டு அந்தச் சுவர் கண்ணைக் கூச வைத்தது. அவர் எழுதியதெல்லாம் சரிதான், மேலே சிவப்பு ஒரு விரல்கூடக் கீழே இறங்கவில்லை. என் உள்ளங்கையில் கொஞ்சம் வெள்ளை மணலையும் கொஞ்சம் காவி மணலையும் வைத்து, விரலை மூடிவிட்டார். சின்னப் பிள்ளைக்குச் செய்வது போலச் செய்தார்.

பிறகு எனக்குப் பின்னால், நாங்கள் இறங்கி வந்த பாதையைப் பார்த்தார்.

"எங்க மகாதேவன்? வரேல்லையே?"

இந்தக் கேள்விக்குப் பத்து வருடமாகப் பதில் வைத்திருந்தவள் நான். செத்துப்போனார், நீங்கள் வரவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது நீங்கள் எழுதிய அந்த நாலு காலைகளும் நினைவுக்கு வந்தன.

"வாறார் அண்ணா" என்றேன். "காரை நிப்பாட்டிப்போட்டு வாறார்."

பத்துத் திவசம் செய்த வீட்டிலிருந்து வந்தவள், அதை என் வாயால் சொன்னேன்.

அவருக்கு முகம் விரிந்தது. ஆறுதலாக வரட்டும் என்றார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் கையைப் பிடித்தார்.

"அவன் வராமல் பிரவீணாவுக்குப் பொன்னுருக்கேலாது குணம். அவனுக்கு ஏதும் சுகமில்லையெண்டால் சொல்லு, கலியாணத்தைத் தள்ளி வைப்பம்."

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் மச்சாள். நான் கேட்ட வசனத்தைவிட இது பெரிது. பத்து வருடத்துக்கு முன்னம் இதைச் சொல்லியிருந்தால், கலியாணத்தை நடத்துங்கள் அண்ணா, எனக்காகத் தள்ள வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். இப்போது பிரவீணாவுக்கு இரண்டு பிள்ளைகள். நான் யாரிடம் போய் என்ன சொல்வது? "ஒண்டும் தள்ளவேண்டாம் அண்ணா, அவர் சுகமாத்தான் இருக்கிறார்" என்றேன். அவர் பிடித்த கையை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. மணல் கண்ணுக்குள் போய்விட்டதா என்று கேட்டார், ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கடலைப் பார்க்கவில்லை, அந்தப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு தரம் கேட்டார், வாறார் என்று இரண்டு தரமும் சொன்னேன். கொஞ்சம் செல்ல, எங்களுக்குப் பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. "அந்தா வாறான்" என்று அண்ணா எழும்பப் பார்த்தார்.

எங்களைக் கூட்டிப் போகத் தாரகா வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும், மச்சாள், நானும் திரும்பிப் பார்த்தேன்.

குணவதி